மெட்டி இறுகியபோதே யோசித்திருக்கணும்!

எங்க அக்கா பட்ட பாட்டை எழுதுகிறேன். உங்களில் ஒருத்திக்காவது உதவும்.

நாலைந்து வருஷமாக அக்காவின் கைகால் பெருத்துக்கொண்டே வந்தது. மெட்டியை ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுத்தோம். செருப்பு அளவு கூடியது; மூக்கும் தாடையும் தடித்தன. "என்னக்கா, ஆம்பளை மாதிரி ஆயிட்டு வர்றே?" என்று கேலி செய்தவளே நான்தான். தலைவலிக்குத் தைலம் தேய்த்தாள். மாதவிலக்கு நின்றதை வயசுக் கோளாறு என்றோம். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாமல் மோதிக்கொண்டாள். இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் பலனில்லை.

மதுரையில் ஒரு டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததுமே, "பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டார். கல்யாண போட்டோவைக் காட்டினோம். அதையும் அவளையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டியாம். அதனால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. கட்டி பார்வை நரம்பை அமுக்கியதால் ஓரப் பார்வையும் குறைந்திருக்கிறது. புற்றுநோய் இல்லை என்றதும்தான் உயிர் வந்தது.

"மூளை ஆபரேஷனா? வேண்டவே வேண்டாம்" என்றார் அத்தான். மண்டையைத் திறக்காமல், மூக்குத் துவாரம் வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டு, மூக்குக்குப் பின்னாலுள்ள எலும்பு அறையைக் கடந்து கட்டியை எடுப்பதை டாக்டர் படம் வரைந்து விளக்கினார். மூக்கு வழி ஆபரேஷன் 1907-லேயே ஆஸ்திரியாவில் நடந்ததாம். நம் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவும் 1949-ல் நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான் தொடங்கியது என்றார். அத்தான் சம்மதித்தார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டில் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகினாலோ, தீராத தாகமும் அடிக்கடி சிறுநீரும் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சில வகைக் கட்டிகள், முக்கியமாக பால் சுரக்க வைக்கும் வகை, பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடுமாம்.

வளர்ந்த எலும்பு பழையபடி ஆகாது. ஆனால் வீக்கம் வடிந்து, ஓரப் பார்வையும் தெளிந்திருக்கிறது. போன மாசம் புது மெட்டி போட்டோம்.

சகோதரிகளே, மோதிரமும் மெட்டியும் காரணமில்லாமல் இறுகினால் என்னைப்போல் கேலி பண்ணாதீர்கள். பழைய போட்டோவோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

- ஒரு வாசகி, தேவாரம்.