பழைய லாரிக்குப் புது எரிபொருள்

உங்கள் வீட்டு அடுப்பில் எரியும் சமையல் வாயு புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. இவற்றுள் புரொப்பேனைக் கொண்டு லாரியையும் ஓட்டலாம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1950 முதல் நூற்றுக்கணக்கான பேருந்துகள் புரொப்பேனில் ஓடின. அந்நாட்டுப் பண்ணைகளில் லாரிகளும் டிராக்டர்களும் ஓடின. 1960களில் செய்த பெட்ரோல் லாரியைப் பேணி வருவோர் சிலர், இன்றும் அதைப் புரொப்பேனுக்கு மாற்றுகின்றனர். இதனால் வரும் லாபம் என்ன? நஷ்டம் என்ன?

திரவம் வாயுவாகிறது

புரொப்பேனின் கொதிநிலை -42° செல்சியஸ். ஆகவே சாதாரண வெப்பநிலையில் அது வாயுவே. ஆனால் 20° வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினால் திரவமாகிவிடும். இத்திரவம் ஒரு லிட்டர், வாயுவாகும்போது சுமார் 270 லிட்டராக விரியும்.

எஃகுத் தொட்டியின் அடியிலிருந்து திரவம் ஆவியாக்கிக்கு வருகிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகும் பொருள் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதே காரணம். புரொப்பேனும் அப்படியே. வெப்பம் தராவிட்டால் ஆவியாக்கி உறைபனி மூடி நின்றுவிடும். எனவே எஞ்சினைக் குளிர்வித்து வரும் சுடுநீரை அதனுள் ஓடவிடுகிறார்கள். வீணாகப் போகும் வெப்பமே எரிபொருளைத் தயாரித்துக் கொடுக்கிறது! அழுத்தம் குறைந்த வாயு, கார்புரேட்டருக்குப் பதிலாக உள்ள கலப்பானில் காற்றுடன் கலந்து சிலிண்டருக்குள் நுழைகிறது.

வரவும் செலவும்

பெட்ரோல் துளிகள் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். வாயு அவ்வாறு செய்யாது. எண்ணெயும் நெடுநாள் தூய்மையாக இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், புரொப்பேன் கெடாது. எப்போதாவது மட்டும் வெளியே எடுக்கும் பழைய லாரிக்கு இது பெரிய நன்மை. அதன் ஆக்டேன் எண்ணும் 100-ஐத் தாண்டும்.

ஆனால் ஒரு லிட்டர் புரொப்பேன் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். வாயு இடத்தை அடைத்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் காற்று குறைகிறது. எஞ்சினின் திறனும் சற்றுக் குறைகிறது. மற்றொன்று: அக்கால எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்குப் பெட்ரோலில் கலந்த ஈயம் காப்பாக இருந்தது. புரொப்பேனில் ஈயம் இல்லை. கடின உலோக இருக்கைகளைப் பொருத்தாவிட்டால், பளு இழுக்கும் லாரியில் அவை தேய்ந்துவிடும்.

எச்சரிக்கை

வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். ஆகவே தொட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோரம் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கசிவு தெரியவே அதில் நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள்.

சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்தலாமே என்று எண்ணாதீர்கள். நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம். தவிர, அந்த சிலிண்டர் மேலிருந்து ஆவியைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. அடியிலிருந்து திரவத்தைத் தருவதற்காக அல்ல. ஆவி, திரவம் என்ற இந்த வேறுபாட்டை அறியாமல் கை வைப்பதே விபத்தின் தொடக்கம்.