செக் அச்சாகும், கணக்கு அழியும்

2013 செப்டம்பர் 13 இரவு, ஆப்பிரிக்க நாடான மலாவியின் தலைநகர் லிலோங்வேயில், நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இயக்குநர் பால் எம்ப்வியோ தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். உயிர் தப்பினார். சிகிச்சைக்கு அவரைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதே நாள்களில் அரசு ஊழியர்கள் சிலரிடம் கட்டுக் கட்டாகப் பணம் சிக்கிக்கொண்டிருந்தது. சிலரது பணம் கார் டிக்கியில் இருந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் சாதாரணக் கணக்கு உதவியாளர். பத்திரிகைகள் இதற்குக் ‘கேஷ்கேட்’ என்று பெயர் சூட்டின.

லஞ்சக் கதைதானே, எந்த நாட்டில் இல்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மலாவி அப்போது நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதிய நாடல்ல. 2005 வாக்கில் பக்கத்து நாடான தான்சானியாவைப் பார்த்து, அது பயன்படுத்திய எபிகோர் மென்பொருளை எடுத்துக்கொண்டது. அமைச்சகங்களின் ஒதுக்கீடு, பில், செக் எல்லாம் ஒரே கணினி அமைப்புக்குள் வந்தன. எந்தத் துறைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, மிச்சம் என்ன என்பதெல்லாம் திரையில் தெரியும். ஒதுக்கீட்டில் பணம் இல்லையென்றால் பில் நகராது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத ஏற்பாடு.

திருட்டு அந்த அமைப்புக்கு உள்ளேயே நடந்தது. ஒரு கான்ட்ராக்டர் பெயரில் பில் ஏறும். சரக்கு எதுவும் வந்திருக்காது. மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் அவருடைய பாஸ்வேர்டு வேறொருவர் கையில் இருக்கும், அல்லது அவரே கூட்டாளியாக இருப்பார். செக் அச்சாகி வங்கிக்குப் போய்ப் பணமாகிவிடும். பிறகு அந்தப் பதிவையே கணினியிலிருந்து அழித்துவிடுவார்கள். திரையைப் பார்க்கிறவருக்கு அப்படி ஒரு செலவே நடந்ததாகத் தெரியாது. பழைய பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் கிழித்த தடமாவது மிஞ்சும்!

ஆனால் வங்கியில் போன பணத்தை யாராலும் அழிக்க முடியாது. அங்கே செக் நம்பர், தேதி, தொகை மூன்றும் பதிவாகியிருக்கும். வங்கிக் கணக்கையும் அரசுக் கணக்கையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், முதல் மாதமே டேலி ஆகாமல் குட்டு உடைந்திருக்கும். வீட்டுக் காலண்டரில் நாம் போட்ட புள்ளியையும் பால்காரர் நோட்டையும் மாதக் கடைசியில் ஒப்பிடுகிறோமே, அதே வேலைதான். மலாவி அரசில் அது ஒழுங்காக நடக்கவில்லை. என் கணிப்பில் முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. இந்த வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, செய்பவரை யாரும் பாராட்டுவதும் இல்லை. அதனால் ஆள் போடும்போது கடைசியில் நினைவுக்கு வருவதும் இதுதான்.

பிரிட்டன் செலவில் பேக்கர் டில்லி தணிக்கை நிறுவனம் 2013 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதக் கணக்கைத் தோண்டியது. காணாமல் போனதாகவோ கணக்கில் இடிப்பதாகவோ அது கண்டது சுமார் 1,360 கோடி குவாச்சா, ஏறத்தாழ 3.2 கோடி டாலர். வெளியிட்ட அறிக்கையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்ததால் மக்கள் கொதித்துப் போனார்கள். வழக்குகள் பிறகு வந்தன. அப்போதைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த தொழிலதிபர் ஆஸ்வால்ட் லுட்டேப்போவுக்கு 2015-இல் 11 ஆண்டு சிறை கிடைத்தது.

அடி விழுந்தது திருடியவர்கள்மீது மட்டுமல்ல. மலாவி பட்ஜெட் அந்நாளில் பெரிய அளவில் வெளிநாட்டு உதவியை நம்பியிருந்தது. நேரடி பட்ஜெட் உதவியாக வரவேண்டிய சுமார் 15 கோடி டாலரை உதவி நாடுகள் நிறுத்திவைத்தன. களவாடியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! மருந்துக்கும் பள்ளிக்கும் இருந்த பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று. அதிபர் ஜாய்ஸ் பண்டா அமைச்சரவையைக் கலைத்துப் பார்த்தார். 2014 மே தேர்தலில் மூன்றாம் இடமே அவருக்கு மிஞ்சியது.

கேஷ்கேட்டுக்கு முந்தைய ஆண்டுதான் உகாண்டாவிலும் கணினி வழியாகவே ஒரு கொள்ளை வெளிவந்திருந்தது. போரில் சிதைந்த வடபகுதியின் மறுவாழ்வுக்கு வந்த உதவிப் பணம், பிரதமர் அலுவலகக் கணக்குகளில் திசைமாறியது. அங்கும் பாஸ்வேர்டுகள் தவறான கைகளில் இருந்தன. ஆனால் அங்கே தலைமைத் தணிக்கையாளர் விடாமல் துருவினார், அறிக்கை சீக்கிரமே வந்தது. அயர்லாந்து கொடுத்த 40 லட்சம் யூரோவை உகாண்டா அரசு தன் கஜானாவிலிருந்தே திருப்பிக் கொடுத்தது.

ஆகவே கணினி வேண்டாம் என்பதல்ல வாதம். கைக்கணக்குக் காலத்தில் இதைவிடப் பெரிய தொகைகள் சத்தமில்லாமல் போயிருக்கலாம். கண்டுபிடிக்கவே வழி இருந்திருக்காது. எதை வாங்குகிறோம் என்பதைவிட எப்படிப் பூட்டுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பதிவான பில்லை யாராலும் அழிக்க முடியக் கூடாது. தவறென்றால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யலாம், இரண்டுமே நிற்கட்டும். யார், எந்த நேரத்தில், எந்தக் கணினியிலிருந்து உள்ளே நுழைந்தார் என்ற தடத்தைக் கணக்குத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆள் படிக்க வேண்டும். செக்குக்குப் பதில் நேரடி வங்கிப் பரிமாற்றம் வந்தால் பாதி வழிகள் அடைபடும். வங்கியின் பதிவுகள் தினமும் தானாக வந்து கணக்கோடு பொருந்தட்டும். பொருந்தாதவற்றின் பட்டியல் மறுநாள் காலையே தணிக்கையாளர் மேசைக்குப் போகட்டும். இதெல்லாம் அதிசயத் தொழில்நுட்பம் அல்ல, விலையும் பெரிதல்ல. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க மனம் வேண்டும், பார்த்ததைச் சொன்னால் வேலை போகாது என்ற தைரியமும் வேண்டும். டெண்டரில் இவை இரண்டும் வராது.

மலாவி எபிகோரைக் கைவிட்டு எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறியது 2021 ஜூலையில். அதாவது கேஷ்கேட் அம்பலமான பிறகும், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அந்த அரசின் பில்கள் பழைய மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தன.