எழுதியவர் ஒருவர், காத்தவர் மற்றொருவர்

வேலை தேடிப் பம்பாய்க்கு ரயிலேறி வந்த அந்நாளையத் தமிழர்கள் ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் என்ன எழுதினார்கள்? சுகமாக வந்து சேர்ந்த செய்தி. தங்க இடம் கொடுத்த ஊர்க்காரரின் பெயர். மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு. மராத்திப் பெண்கள் ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டும் விதம். மாதுங்காவில் தமிழ்ப் பத்திரிகை கிடைக்கும் கடை.

சரித்திரம் எழுதுகிறோம் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், நம்மவர் சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டதுதான். எழுதியவர்களும் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்களே!

துபாஷியின் தினக்குறிப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பரில் ஒரு குறிப்பேட்டை எழுதத் தொடங்கினார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும், கப்பல்கள் வந்து போவதையும் எழுதி வைப்பதே அவருடைய நோக்கம். யாருக்கு என்ன துணி வெகுமானமாகக் கொடுக்கப்பட்டது, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை என்பதெல்லாம் அதில் உண்டு. 1761-இல் அவர் காலமாகும் வரை குறிப்பு தொடர்ந்தது.

பிறகு 85 ஆண்டுகள் அதைச் சீந்துவாரில்லை. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. ஆனாலும் நடுநடுவே சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. போனது போனதுதான்.

கோர்ட்டு உத்தியோகஸ்தரின் காசி யாத்திரை

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஏனுகுல வீராசாமி. சென்னையில் வாழ்ந்த தெலுங்கர். 1830 மே 18-ஆம் தேதி அவர் காசிக்குப் புறப்பட்டார். தென்னாட்டில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-இல்தான். ஆகவே பல்லக்கும் கால்நடையுமாகப் பரிவாரத்துடன் பயணம்!

திருப்பதி, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகக் காசி. அங்கிருந்து கயை, கல்கத்தா, பூரி என்று சுற்றி, 1831 செப்டம்பரில் சென்னை திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

போகும் வழியெல்லாம் அவர் எழுதிக்கொண்டே போனார். எந்த ஊரில் தங்க இடம் உண்டு, எங்கே கடை உண்டு, எந்த ஆற்றை எப்படிக் கடப்பது, எந்தச் சீமையில் என்ன வழக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. இவற்றையெல்லாம் சென்னையில் இருந்த நண்பர் ஸ்ரீனிவாச பிள்ளைக்குக் கடிதங்களாக அனுப்பி வைத்தார்.

வீராசாமி 1836-இல் காலமானார். நண்பர் அந்தக் கடிதங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடவில்லை. 1838-இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்று நூலாக்கினார். இந்திய மொழிகளின் ஆரம்பகாலப் பயண நூல்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. வீராசாமி எழுதினார், பிள்ளை காத்தார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நமக்கு அந்த நூல் இல்லை!

காத்தவருக்கே நேர்ந்த கதி

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார் எழுதியவர், காத்தவர் இரண்டுமே. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய பயண நூல் புகழ் பெற்றது. 1943-இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' பத்திரிகையில், பழைய ஏடுகளில் முடங்கிக் கிடந்த எழுத்துக்களைத் தேடி எடுத்து மறுபடி அச்சேற்றினார். முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தொகுத்து வெளியிட்டார்.

காந்திஜியைப் பற்றிப் படம் எடுப்பதற்காக அவர் சுற்றியது சுமார் 1 லட்சம் மைல்; திரட்டிய படச்சுருள் சுமார் 50,000 அடி. படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. ஆனால் அந்த முழுப்படத்தின் பிரதி பிற்காலத்தில் கிடைக்காமல் போயிற்று. 1953-இல் தயாரான சுருக்கமான ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று, பல ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கிடைத்தது. பிறர் எழுத்தைக் காத்தவரின் உழைப்புக்கே இந்தக் கதி!

டிரங்குப் பெட்டியில் என்ன?

இன்று கடிதம் எழுதுவார் குறைவு. படித்த புத்தகம், உடுத்திய புதுத்துணி, போய்வந்த ஊர் எல்லாம் கைப்பேசியில்தான். கைப்பேசி பழுதானால் அதோடு எல்லாம் போய்விடுவதும் உண்டு. மறுபுறம், பழைய சால்கள் இடிக்கப்படுகின்றன. வீடு மாற்றும் அவசரத்தில் தாத்தாவின் இன்லண்டு கடிதங்கள் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. ஒரு கிலோ காகிதத்துக்கு என்ன கிடைத்துவிடும்?

எழுதுவதற்குப் புலமை வேண்டியதில்லை. தேதி, ஊர், விலை, பார்த்தவர் பெயர் இவ்வளவு இருந்தாலே போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அடங்கிவிடும். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வைப்பதுதான் முக்கியம். வீராசாமிக்கு ஒரு ஸ்ரீனிவாச பிள்ளை இருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் வேண்டும்.