இரண்டு மனுக்கள், ஒரே வேண்டுகோள்

ரோமின் பழைய தெய்வங்களும் கிறிஸ்தவமும் இடம் மாறிய கதை

கி.பி. 384. மிலானில் இருந்த பேரரசர் இரண்டாம் வேலன்டீனியனுக்கு ரோம் நகரிலிருந்து ஒரு மனு வந்தது. பேரரசருக்கு அப்போது வயது 13. மனுவை எழுதிய சிம்மாக்கஸ் ரோம் நகரின் தலைமை அதிகாரி, நாவன்மைக்குப் பேர்போனவர், பழைய தெய்வங்களை விடாமல் வணங்கிவந்தவர்.

அவர் திரும்பக் கேட்டது ஒரு பலிபீடத்தை. வெற்றித் தெய்வம் விக்டோரியாவின் சிலையையும் பீடத்தையும் கி.மு. 29இல் செனட் அவையில் நிறுவியவர் அகஸ்டஸ். அந்தப் பீடத்தில் தூபமிட்ட பிறகே அவை அலுவலைத் தொடங்குவது மரபு. பேரரசர் கிராஷியன் 382இல் அதை அகற்றினார். அதோடு வெஸ்டா கோயில் கன்னியருக்கு அரசு தந்துவந்த மானியத்தையும் நிறுத்தினார். உண்மையை நாடுவோருக்குப் பல வழிகள் உண்டு, முன்னோர் வழியில் வணங்க எங்களை விடுங்கள் என்பதே சிம்மாக்கஸ் மனுவின் சாரம்.

ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பு இதே வேண்டுகோளைக் கார்த்தேஜ் நகரிலிருந்து ஒரு கிறிஸ்தவர் எழுதியிருந்தார். ரோமானிய ஆளுநர் ஸ்காப்புலாவுக்குத் தெர்த்துல்லியன் எழுதிய அந்தக் கடிதம், வழிபாடு மனம் விரும்பிச் செய்வது, வற்புறுத்தி வரவழைப்பதில் பக்தி இல்லை என்று வாதாடியது. அன்று கேட்டவர்கள் இப்போது அதிகாரத்தின் பக்கம். அன்று அதிகாரத்தில் இருந்தவர்களின் வாரிசுகள் இப்போது மனுவோடு நின்றார்கள்.

எல்லாத் தெய்வங்களுக்கும் இடம்

‘என்ன நம்புகிறாய்?’ என்று ரோமானிய மதம் யாரையும் கேட்டதில்லை. செய்ய வேண்டியதை முறை தவறாமல் செய்கிறாயா என்பதுதான் அதன் கேள்வி. வீட்டைக் காக்கும் லாரஸ் தெய்வங்களுக்கும் களஞ்சியத்தைக் காக்கும் பெனேட்டஸ் தெய்வங்களுக்கும் குடும்பத் தலைவர் தூபமும் மதுவும் படைப்பார். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகர வீடுகளில் அந்தப் பூசை மாடங்கள் இன்றும் இருக்கின்றன.

வீட்டில் நடந்தது நாட்டுக்காகவும் நடந்தது. தெய்வங்களோடு இணக்கம் கெட்டால் போரில் தோல்வி வரும், விளைச்சல் பொய்க்கும் என்று ரோம் உறுதியாக நம்பியது. ஆகவே பூசை அரசாங்க வேலை. தலைமைப் பூசாரிப் பதவிக்குத் தேர்தலே நடந்தது; கி.மு. 63இல் அதில் வென்றவர் ஜூலியஸ் சீசர்.

வெளித் தெய்வங்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஹன்னிபாலோடு போர் நடந்த கி.மு. 204இல், சிபிலி என்ற அன்னை தெய்வத்தின் கருங்கல்லை ஆசியா மைனரிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். எகிப்தின் ஐசிஸும் பின்னாளில் வந்து சேர்ந்தாள். ஒரே கடவுளை வணங்கிய யூதர்களைக்கூட, தொன்மையான முன்னோர் வழி என்பதால் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்தவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கவில்லை. அவர்களில் பலர் முன்னோர் வழியை விட்டு வந்தவர்கள். மற்றத் தெய்வங்களுக்கு ஒரு சிட்டிகைத் தூபம் போடவும் மறுத்தார்கள். ஊரின் நன்மைக்காக எல்லோரும் சேர்ந்து செய்வதை ஒருவர் மறுத்தால், அண்டை வீட்டார் கண்ணில் அது ஊருக்குச் செய்யும் துரோகம்.

தூபம் போட்டால் விடுதலை

112ஆம் ஆண்டு வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. பிடிபட்டவர்களிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கிறிஸ்தவர் என்றே சொன்னவர்களைக் கொல்ல அனுப்பினார். திருச்சபைப் பணியாளர்களாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்தார். விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுவதையும், திருடுவதில்லை, ஏமாற்றுவதில்லை என உறுதி எடுப்பதையும் தவிர அவர்களிடம் குற்றம் எதுவும் சிக்கவில்லை. தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதத்தை ஏற்க வேண்டாம், நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் விட்டுவிடலாம் என்று டிராஜன் பதில் எழுதினார்.

250இல் பேரரசர் டேசியஸ் இதை நாடு முழுவதற்குமான சட்டமாக்கினார். ஒவ்வொருவரும் பலியிட்டு, அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்துள்ளன. 303இல் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய ஒடுக்குமுறை தேவாலயங்களை இடித்தது, வேதநூல்களை எரித்தது. ஆனாலும் கிறிஸ்தவம் வளர்ந்தது.

அதன் பலம் அன்றாடக் கவனிப்பில் இருந்தது. 251 வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியஸ் எழுதிய கடிதத்தின்படி, அந்நகரத் திருச்சபை மட்டும் 1,500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் ஆதரவற்றோரையும் பராமரித்தது. அதே பத்தாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் நோயாளிகளைக் கவனிக்கும்படி தம் மக்களைத் திரட்டினார். ஒரு நூற்றாண்டு கழித்துப் பழைய மதத்தை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியனே, இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று மனம் வெந்து எழுதினார்.

விளக்கேற்றவும் தடை

312இல் மில்வியப் பாலப் போரில் வென்ற பேரரசர் கான்ஸ்டன்டைன், அடுத்த ஆண்டு சக பேரரசர் லிசினியஸோடு சேர்ந்து, கிறிஸ்தவர் உட்பட அனைவரும் விரும்பிய வழியில் வணங்கலாம் என்று அறிவித்தார். அனைவரும் என்ற அந்த உறுதி நூறாண்டுகூட நிலைக்கவில்லை. சிம்மாக்கஸின் மனுவை எதிர்த்து மிலான் ஆயர் அம்புரோஸ் கடிதம் எழுதினார். பீடத்தைத் திருப்பித் தந்தால் தேவாலயத்தில் பேரரசரை வரவேற்கக் குரு இருக்கமாட்டார் என்று எச்சரித்தார். மனு தோற்றது. 388இல் கல்லினிக்கம் ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதத் தொழுகைக்கூடத்தை எரித்தது. அதை ஆயர் செலவில் கட்டித்தர வேண்டும் என்ற பேரரசர் தியோடோசியஸின் உத்தரவையும் அம்புரோஸ் கைவிடச் செய்தார்.

392இல் தியோடோசியஸ் போட்ட சட்டம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. வீட்டுத் தெய்வங்களுக்கு விளக்கேற்றுவது, தூபமிடுவது, மாலை சாத்துவது எல்லாம் குற்றமாயின. டேசியஸ் தூபம் போடச் சொன்னார்; தியோடோசியஸ் போடாதே என்றார். இரண்டு ஆணைகளுமே வழிபடுபவரின் மனத்தைக் கேட்கவில்லை.

கிறிஸ்தவத்தின் பெருமை அந்தச் சட்டத்தில் இல்லை. எந்தப் பேரரசரின் துணையும் இல்லாத காலத்தில், கைம்பெண்ணுக்குச் சோறும் நோயாளிக்குத் தண்ணீரும் கொடுத்தே அது மக்கள் மனத்தில் இடம்பிடித்தது. எண்ணிக்கையில் சிறுத்திருக்கும்போது எல்லா மதத்தினரும் தெர்த்துல்லியனைப் போலத்தான் கேட்பார்கள். பெருத்தபின் சிம்மாக்கஸின் மனுவுக்கு என்ன பதில் தருகிறார்கள் என்பதில்தான் அவர்கள் கேட்டது நீதியா, தங்களுக்கான சலுகையா என்பது தெரியவரும்.