வளைந்த பெட்டியும் நேரான கணக்கும்

கடந்த ஆடி மாதம் ஒரு மாலை நேரம். கடையைப் பூட்ட ஆயத்தமாகிக் கொண்டிருந்தேன். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு ஒரு இளைஞர் அவசரமாக உள்ளே வந்தார்.

"நானா, மூண்டு மில்லிமீற்றர் பிளைவுட் நாலு சீற் தாங்கோ. நல்ல பசை ஒரு வாளியும் வேணும்."

மூன்று மில்லிமீற்றர் பிளைவுட்டை நம்மூரில் அலுமாரியின் முதுகுக்கும் கூரைத் தட்டிக்கும்தான் வாங்குவார்கள். அதற்கு இவ்வளவு பசை எதற்கு? "என்ன செய்யப் போறீர் தம்பி?" என்று கேட்டேன்.

ஸ்பீக்கர் பெட்டி செய்யப் போகிறாராம். பக்கங்கள் இரண்டும் வீணைக் குடம் போல வளைந்திருக்க வேண்டுமாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், பெற்றோரின் வீட்டில் வைக்க ஒரு சோடி கேட்டிருக்கிறார். விலை பேசி, முற்பணமும் வாங்கியாகிவிட்டது. சதுரப் பெட்டியின் விலையோடு அரைப்பங்கு கூட்டிச் சொன்னேன் என்றார்.

எனக்கு மனம் திக்கென்றது. அந்த விலைக்கு வளைந்த பெட்டி செய்தால் அவருடைய கூலி காற்றோடு போய்விடும். தொழில் தெரிந்த பிள்ளை, கணக்குத் தெரியாமல் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று அவரை உட்கார வைத்துப் பேசினேன். அன்று பேசியதை நம் வாசக வியாபாரிகளோடும் பகிர்ந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. பெட்டி செய்பவர்கள் சிலர்தான். ஆனால் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லும் தவறை நம்மில் பலர் செய்கிறோம்.

பானை கற்றுத் தந்த பாடம்

வளைந்த பெட்டி யாழ்ப்பாணத்துக்குப் புதிய விடயமல்ல. நான் சிறுவனாக இருந்த காலத்தில் பழுதான றேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்பார்கள். வெறும் ஸ்பீக்கர் கீச்சிடும். பானை வாயில் வைத்ததும் சத்தம் கனத்துவிடும். 1990இல் போர் மூண்டு மின்சாரம் நின்றுபோன பிறகு சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்கும் நிலை வந்தது. பற்றரி குடாநாட்டுக்குள் வரத் தடை. அந்த வருடம் ஒக்டோபர் இறுதியில் நாங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். அதன் பின் நடந்தவற்றைத் திரும்பி வந்த பிறகு நண்பர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஒருவர் சைக்கிள் மிதிக்க, வீட்டார் சுற்றியிருந்து செய்தி கேட்பார்களாம். கையில் இருந்ததைக் கொண்டு காரியம் பார்த்த காலம் அது.

பானை வாயில் வைத்தால் ஏன் சத்தம் கனக்கிறது? ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் தாழ்ந்த ஒலி செத்துவிடும். பின்பக்க ஒலியை அடைத்து வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை. பானையும் அதைத்தான் செய்தது.

பானையின் உருண்டை வடிவத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியியலாளர் ஹரி ஓல்சன், ஒரே ஸ்பீக்கரைப் பன்னிரண்டு வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து, 1951இல் முடிவை வெளியிட்டார். உருண்டைப் பெட்டியின் ஒலிதான் மேடு பள்ளம் குறைந்து சீராக இருந்தது. கனசதுரப் பெட்டி மோசமான வரிசையில் நின்றது. கூரான விளிம்பில் ஒலி மோதிச் சிதறுகிறது. வளைந்த உடம்பில் அது வழுக்கிப் போய்விடுகிறது.

ஆனால் பானையிலும் குறை உண்டு. உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்பதால் ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் 'ஊம்' என்று தூக்கிக் கேட்கும். வெளியே வளைவும், உள்ளே வேறு வேறு அளவுகளும், அதிராத சுவரும் வேண்டும். அதற்குத்தான் மரத்தை வளைக்கிறார்கள்.

மரத்தை வளைப்பது எப்படி?

இந்தக் குடாநாட்டுக்கு மரத்தை வளைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு கடல் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் உடம்பில் நேரான பலகை எங்கே இருக்கிறது? வீணையும் தவிலும் மிருதங்கமும் வளைந்த பலா மரம்தான். ஆனால் அவை குடைந்து எடுத்தவை. பெட்டிக்கு அப்படிக் குடைந்தால் பாதி மரம் சிராயாகப் போய்விடும். பலாவையும் பெண் பனையையும் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். தவிர, முழுமரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். ஆகவே பிளைவுட்தான் வசதி.

வழிகள் இரண்டு உண்டு.

முதலாவது, கோடு வெட்டி வளைப்பது. 18 மில்லிமீற்றர் பலகையின் உட்பக்கத்தில், 2 மில்லிமீற்றர் மட்டும் மிச்சம் விட்டு, வாளால் வரிசையாகக் கோடுகள் வெட்ட வேண்டும். வளைக்கும்போது கோடுகள் மூடிக்கொள்ளும். எத்தனை கோடு என்பதற்குக் கணக்கு உண்டு. கால் வட்டம் வளைக்க, கோட்டின் ஆழத்தை 1.57ஆல் பெருக்குங்கள். 16 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 வரும். வாள்வெட்டின் அகலம் 3 மில்லிமீற்றர் என்றால் எட்டு அல்லது ஒன்பது கோடுகள். இது விரைவான வழி. ஆனால் கோடுகளைப் பசையும் மரத்தூளும் குழைத்து நிரப்பாவிட்டால் பலகை பலமிழந்து, பெட்டியே பாடத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, மெல்லிய தகடுகளை அச்சின் மேல் ஒட்டுவது. 3 மில்லிமீற்றர் பிளைவுட் ஆறு துண்டுகளுக்குப் பசை பூசி, ஒன்றின் மேல் ஒன்றாக வளைந்த அச்சில் வைத்து இறுக்கி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். காய்ந்ததும் 18 மில்லிமீற்றர் தடிப்பில் வளைந்த சுவர் கிடைக்கும். கழற்றும்போது கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அதற்காக அச்சைச் சற்றுக் கூடுதலாக வளைத்துச் செய்வார்கள். தகடுகள் கூடக் கூட நிமிர்வது குறையும். இறுக்குவதற்குப் பத்துப் பதினைந்து இறுக்கிகள் வாங்கக் காசில்லையா? பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றலாம். எல்லா இடமும் ஒரே சீராக அழுத்தும். சைக்கிள் டியூப்புக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமா?

நமது தம்பி தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழி. தரமான வழிதான். ஆனால் கணக்கு?

நாலு சீற்றா, ஆறு சீற்றா?

ஒரு பக்கச் சுவர் 3 அடி உயரம், ஒன்றரை அடி அகலம். ஒரு சோடிக்கு நான்கு சுவர். சுவருக்கு ஆறு தகடு. மொத்தம் 24 துண்டுகள், 108 சதுர அடி. ஒரு சீற் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. 108ஐ 32ஆல் பிரித்து, நாலு சீற் போதும் என்று வந்திருக்கிறார்.

"மரத்தின்ரை நார் எந்தப் பக்கம் ஓடுது தம்பி?" என்று கேட்டேன். யோசித்தார். மெல்லிய பிளைவுட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாது. மேல்தகட்டின் நார் நிமிர்ந்து நிற்க, அதற்குக் குறுக்காக வளைத்தால்தான் இலகுவாக வளையும். நார் வழமையாக 8 அடி நீளப் பக்கமாக ஓடும். ஆகவே 3 அடி உயரத்தை அந்தப் பக்கமாகத்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் ஒரு சீற்றில் நான்கு துண்டுகள் மட்டுமே வரும். 24 துண்டுக்கு ஆறு சீற் தேவை. கழிவு நிறைய விழும். பரப்பளவை மட்டும் பார்த்து விலை சொன்னதால் பலகையிலேயே பாதிச் செலவு கூடிவிட்டது.

அடுத்தது கூலி. சதுரப் பெட்டி ஒரு சோடிக்கு அவருக்கு இரண்டு நாள் வேலை. வளைந்த பெட்டிக்கு அவரிடமே கேட்டு எழுதினேன். அச்சுச் செய்ய இரண்டு நாள். நான்கு சுவர் ஒட்டி இறுக்கவும் பிறகு கழற்றித் துப்புரவு செய்யவும் அரை நாளாக இரண்டு நாள். விளிம்பு சீவி, மேலும் கீழும் மூடி பொருத்தி, தேய்த்து மினுக்க மூன்று நாள். மொத்தம் ஏழு நாள். இரண்டு நாள் கூலிக்கு அரைப்பங்கு கூட்டினால் மூன்று நாள் கூலி. மீதி நாலு நாள்? தம்பி தாளைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார்.

அச்சுதான் முதல்

இங்கேதான் நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. அந்த ஏழு நாளில் அச்சுக்குப் போன இரண்டு நாள் ஒருமுறைதான் செலவாகும். அடுத்த சோடிக்கு ஐந்து நாளே போதும். அதே அச்சில் பத்துச் சோடி செய்தால் அச்சுக் கூலி சோடிக்கு ஐந்தில் ஒரு நாள்தான். பசை காயும் நேரத்தில் சும்மா இருக்கத் தேவையில்லை. கதவோ யன்னலோ செய்யலாம்.

இங்கிலாந்தின் பி அன்ட் டபிள்யூ நிறுவனம் 1998இல் வெளியிட்ட நோட்டிலஸ் 800 வரிசைப் பெட்டிகளும் இதே முறையில் செய்தவைதான். பல தகடு பிளைவுட்டைப் பசையிட்டு, பெரிய அழுத்தி இயந்திரத்தில் வளைத்தார்கள். அவர்களுடைய அச்சு இயந்திரம், நம்முடையது மரச்சட்டம், வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதையே திரும்பத் திரும்பச் செய்ததால் இலாபம் கண்டார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வளைவு செய்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் புதிய அச்சு. அப்போது முதல் மரமாகவே மூலையில் கிடக்கும்.

இன்னொன்றும் சொன்னேன். வளைவைப் பற்றிப் பொய் சொல்லி விற்காதீர். வளைந்த சுவர் நேரான சுவரைவிட விறைப்பானது. விரலால் தட்டினாலே தெரியும், நேரானது 'தொம்' என்னும், வளைந்தது 'டக்' என்னும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி முட்டி மோதுவதும் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. உள்ளே பஞ்சு வைக்கத்தான் வேண்டும். முன்பக்க விளிம்பை உருட்டுவதும் நல்லதே. ஆனால் 1000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 34 சென்ரிமீற்றர் நீளம். இரண்டு சென்ரிமீற்றர் உருட்டல் மிக உயர்ந்த சுருதிகளுக்குத்தான் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் இடம் தேவையோ அது உள்ளே இருக்க வேண்டும். வளைத்தால் இடம் குறையும். சந்தேகமென்றால் பெட்டிக்குள் நெல்லைக் கொட்டி அளந்து பாருங்கள்.

கையில் காசு குறைந்த வாடிக்கையாளருக்கு மூன்றாவது வழியும் உண்டு. நேரான சுவர், உள்ளே குறுக்குச் சட்டம், முன்பக்கத்தில் மட்டும் நன்றாக உருட்டிய விளிம்பு. பலனில் பெரும்பகுதி குறைந்த செலவில் கிடைத்துவிடும். அதை மறைத்து விலை கூடியதை விற்பது நேர்மையல்ல. நாளைக்கு அவர் வேறொருவரிடம் உண்மையை அறிந்தால் நம் கடைப் படியில் ஏறமாட்டார்.

நட்டத்தில் ஒரு முதல்

"இப்ப என்ன செய்யிறது நானா? சொன்ன விலையை மாத்திக் கேக்கவோ?" என்றார் தம்பி.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு வழியையும் சொன்னேன். வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்கலாம், அவர் மறுத்தால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, இந்த நட்டத்தை அச்சுக்குப் போட்ட முதலாக எழுதிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாக்குக் குடுத்திட்டன். செய்யிறன்" என்றார். மேலதிக இரண்டு சீற்றையும் கடனாகக் கொடுத்தேன். கொப்பியில் எழுதினேன், இனாமாக அல்ல.

பெட்டி நேரத்துக்கு முடிந்தது. அந்த மனிதர் விமானம் ஏறுமுன் வாங்கிக்கொண்டார். தம்பிக்கு நாலு நாள் கூலி போனது போனதுதான். புரட்டாதியில் ஒரு கலியாண மண்டபக்காரர் அதே வடிவத்தில் ஒரு சோடி கேட்டார். இந்த முறை ஐந்து நாள் கூலி, ஆறு சீற், அச்சுத் தேய்மானம் என்று தாளில் எழுதி விலை சொன்னாராம். அவர் பேரம் பேசினார். தம்பி விலையைக் குறைக்கவில்லை, வேண்டுமானால் நேரான சுவர்ப் பெட்டி தருகிறேன் என்றார். கடைசியில் மண்டபக்காரர் வாங்கியது நேரான பெட்டியைத்தான். அதிலும் தம்பிக்கு முழுக்கூலி மிஞ்சியது. என் கடனும் அடைந்தது.

கொள்கலனில் வந்து இறங்கும் சீனப் பெட்டியோடு விலையில் போட்டியிட நம் ஓடாவிகளால் முடியாது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது திருத்த வேலைக்கும் உள்ளூர் வேலைக்கும் ஆட்கள் தேடி வந்ததைப் பார்த்தோம். அந்த வாய்ப்பு எப்போதும் இருக்காது. நம் கைவேலையின் பலம், கேட்பவரின் வீட்டுக்கும் காதுக்கும் காசுக்கும் ஏற்றதைச் செய்து கொடுப்பதில் இருக்கிறது. அதற்குக் கூலி உண்டு என்பதை முதலில் நாம் நம்ப வேண்டும்.

பலகை விற்கும் நாமும் ஒன்று செய்யலாம். கேட்ட சீற்றை எண்ணிக் கொடுத்துக் காசை வாங்குவதோடு நின்றுவிடாமல், "என்ன செய்யப் போறீர் தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். எனக்கு அன்று அந்தக் கேள்வியால் இரண்டு சீற் கூடுதலாக விற்றது. தம்பியோ இன்றைக்கும் ஆணி வாங்குவதென்றாலும் என் கடைக்குத்தான் வருகிறார். அந்த அச்சு அவருடைய பட்டறைச் சுவரில் தொங்குகிறது, மூன்றாவது சோடிக்காக.