கல்யாண வீட்டாரும் கேமராவும்

தமிழகத் திருமணங்களில் புகைப்படக்காரரோடு வீட்டார் நடத்தும் பேச்சு பெரும்பாலும் தொகையிலும், ஆல்பத்தில் எத்தனை ஷீட் என்பதிலும், ட்ரோன் உண்டா இல்லையா என்பதிலுமே முடிந்துவிடுகிறது. படம் எவ்வாறு உருவாகிறது, எந்த இடத்தில் அது எடுப்பவரின் கையை மீறி வெளிச்சத்தையும் நேரத்தையும் வீட்டாரையுமே நம்பி நிற்கிறது என்பவை அப்பேச்சில் வருவதில்லை. ஆல்பம் கைக்கு வந்தபின் எழும் மனத்தாங்கல்களில் பல இந்த அறியாமையிலிருந்தே பிறப்பதால், இத்தொழிலின் செய்முறையைப் படம் எடுப்பிப்பவரின் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

படம் எடுத்துக்கொள்ள வருவோருக்கு முன்கூட்டியே விளக்கம் சொல்லும் தேவை இத்தொழிலோடு கூடப் பிறந்தது. 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் முறையில், அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் நேரடியாக உருவம் பதியும் முறையில், தொடக்கத்தில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் பிடித்தன. ஆகவே மனிதரைப் படமெடுக்கும் நிலையங்கள் தோன்றியபோது, அமர்பவரின் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வைத்து அவர் அசையாதிருக்கச் செய்தனர். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் ஈரத்தகட்டு முறை அந்நேரத்தைச் சில நொடிகளுக்குக் குறைத்ததாயினும், அத்தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்ததால், நீல ஆடை வெளுத்தும் மஞ்சளும் சிவப்பும் கறுத்தும் விழுந்தன. எந்த நிறத்தில் உடுத்தி வரலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை முன்னதாகவே சொல்ல வேண்டிய கட்டாயம் இதனால் நேர்ந்தது. மஞ்சள் பூசிய முகமும் குங்குமமும் அரக்குப் பட்டும் அத்தகட்டில் என்ன கோலத்தில் விழுந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1873இல் ஹெர்மன் ஃபோகல் தகட்டில் சாயம் சேர்த்து அதன் உணர்வைப் பச்சையை நோக்கி நீட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தபின் அந்த எச்சரிக்கை வழக்கொழிந்தது.

இன்றைய கேமராவுக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஆடையைப் பற்றியதன்று, மண்டபத்து விளக்குகளைப் பற்றியது. பல முகூர்த்தங்கள் சூரியன் எழுவதற்கு முன்போ எழும் வேளையிலோ அமைவதாலும், மணமேடை பெரும்பாலும் சன்னல் இல்லாத கூடத்தின் கோடியில் இருப்பதாலும், படத்துக்குக் கிடைக்கும் ஒளி முழுவதும் செயற்கை ஒளியே. விளக்குகளின் நிறத்தை ‘நிற வெப்பநிலை’ என்ற அளவால் குறிப்பர். மஞ்சள் சாயலுள்ள இழை விளக்கு சுமார் 3,200 கெல்வின், பகலொளி சுமார் 5,500 கெல்வின். மனிதக் கண் இவ்விரண்டுக்கும் தானே பழகிக்கொள்கிறது. கேமராவோ ஒரு படத்துக்கு ஒரே நிறச் சமநிலையைத்தான் கொள்ள முடியும் என்பதால், ஒரு பக்கம் மஞ்சள் விளக்கும் மறு பக்கம் வெள்ளை விளக்கும் விழும் முகம் இரு நிறமாகவே பதிகிறது. இதையேனும் உழைத்துத் திருத்தலாம். வரவேற்பு மேடைகளில் இன்று பெரிதும் விரும்பப்படும் ஊதா, நீல எல்இடி விளக்குகள் அதனினும் கடுமையானவை. அவை மிகக் குறுகிய அலைநீள அளவில் மட்டுமே ஒளிர்வதால், தோலின் சிவப்பும் பழுப்பும் எதிரொளிக்க வேண்டிய ஒளியே அங்கு இல்லை. சென்சாரை வந்தடையாத நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர இயலாது. இதனோடு ஒளித் துடிப்பும் சேர்கிறது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அசைவை உறைய வைக்க ஷட்டரை விரைவாக இயக்கினால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழுகின்றன. மேடையில் முகத்தின்மீது விழும் விளக்குகள் மட்டும் ஒரே வகை வெள்ளையாக இருக்கட்டும், வண்ணங்கள் பின்திரையோடு நிற்கட்டும் என்று அலங்காரக்காரரிடம் வீட்டார் சொல்லும் ஒரு சொல், விலையுயர்ந்த லென்ஸைவிடப் படத்துக்கு அதிகம் உதவும்.

திருமாங்கல்யதாரணம் இத்தொழிலின் மிகக் கடினமான சில நொடிகள். கெட்டிமேளம் முழங்கியதும் உறவினர் அட்சதையோடு முன்னே சாய்கின்றனர், கைப்பேசிகள் உயர்கின்றன, ஹோமப் புகை பிளாஷ் ஒளியைச் சிதறடித்து இடையில் வெண்திரை போல நிற்கிறது. பெண் வீட்டார் ஒருவரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையும் தனித்தனியே அமர்த்தியிருந்தால், இரு குழுவினரும் ஒரே கோணத்துக்காக ஒருவரையொருவர் மறைப்பதும் உண்டு. முதல் முடிச்சை மணமகன் இட, மற்றவற்றை நாத்தனார் இடும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. சில சமூகங்களில் சடங்கின் வரிசையே வேறு. இவற்றை முன்பே அறியாத புகைப்படக்காரர் தவறான பக்கத்தில் நின்றுவிட்டால் அந்த நொடியைத் திரும்ப நிகழ்த்த வழியில்லை. ஆகவே சடங்குகளின் வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதும், மேடையின் ஒரு பக்கத்தை ஆளின்றி விட்டுவைப்பதும், தாய்மாமன் யார், பெரியத்தை யார் என்று அடையாளம் காட்டக்கூடிய உறவினர் ஒருவரைக் கூடவே நிறுத்துவதும் வீட்டார் செய்ய வேண்டிய பங்கு.

‘ட்ரெடிஷனல்’, ‘கேண்டிட்’ என்று இரு வகையாகப் பிரித்து ஏன் தனித்தனி ஆள், தனித்தனித் தொகை என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முன்னது மேடைக்கு எதிரே நிலையாக நின்று, மணமக்களோடு வந்து நிற்கும் ஒவ்வொரு விருந்தினரையும் கேமராவை நோக்கச் செய்து பதிவது. பின்னது, யாரையும் நிறுத்தாமல், நிகழ்வின் போக்கில் முகங்களில் தோன்றுவதைக் காத்திருந்து பிடிப்பது. ஒருவரே இரண்டையும் செய்வதாக ஒப்புக்கொண்டால் இரண்டில் ஒன்று குறையும். வரவேற்பில் 300 குடும்பங்கள் மேடையேறி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் ஆகுமென்றால் அதற்கே இரண்டரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. அன்று மாலை வெயிலில் மணமக்களைத் தனியே எடுக்க வேண்டுமென்ற விருப்பத்துக்கு, அலங்காரத்தை முன்னதாகவே முடிப்பதொன்றே வழி. ட்ரோனைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன என்பதையும், விமான நிலையத்தை ஒட்டிய மண்டபத்தின் மேல் அதை நினைத்தபடி பறக்கவிட முடியாதென்பதையும் அறிந்திருந்தால் போதும்.

“எடுத்த படங்களையெல்லாம் அப்படியே கொடுத்துவிடுங்கள்” என்ற வேண்டுகோள், ‘ரா’ கோப்பு என்றால் என்ன என்று தெரியாததால் எழுவது. கேமராவின் சென்சார் தன்னளவில் நிறம் அறியாதது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, அதன் நுண்புள்ளிகளில் பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம் என வடிகட்டிகள் பொருத்தப்பட்டுள்ளன. ரா கோப்பு இப்புள்ளிகளின் அளவீடுகளைத் தொகுத்து வைப்பது மட்டுமே. ஒவ்வொரு புள்ளியிலும் வழக்கமான 14 பிட் பதிவு 16,384 ஒளிப்படிகளைக் காக்க, நாம் கைப்பேசியில் காணும் ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே வைத்துக்கொள்கிறது. வெள்ளை வேட்டி, மின்னும் சரிகை, அருகிலேயே மாநிற முகம் என்று வெளிச்ச வேறுபாடு மிகுந்த நம் திருமணக் காட்சிக்கு இந்த உபரிப் படிகள் இன்றியமையாதவை. கேமராவின் ஒளிமானி காட்சியின் சராசரியைச் சுமார் 18 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும் நடுச்சாம்பல் என்றே கருதுவதால், வேட்டி சட்டைகள் நிறைந்த படத்தை இருட்டாக்கிவிட முனைகிறது. அதைத் திருத்துவதே எடுத்தபின் நடக்கும் வேலையின் முதற்படி. இவ்வேலையின் பெயரில் முகங்களை வெளுக்கச் செய்வதும் நடக்கிறது. மணமகளின் மாநிறத்தை அழித்துத் தருவது திருத்தமாகாது. அப்படிச் செய்யும் வழக்கம் நிலையத்துக்கு உண்டா என்று மாதிரி ஆல்பத்தைப் பார்க்கும்போதே கேட்டுவிடுவதும், வேண்டாமென்றால் அப்போதே சொல்லிவிடுவதும் நல்லது.

காலதாமதத்துக்கான காரணம் எளிய கணக்கில் விளங்கும். இரண்டு நாள் நிகழ்வில் 4,000 படங்கள் எடுக்கப்பட்டால், ஒன்றுக்கு மூன்று நொடி வீதம் பார்த்துக் கழிப்பதற்கே மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். தேறிய 600 படங்களை ஒன்றரை நிமிட வீதம் திருத்தினால் பதினைந்து மணி. அதன்பின் 12க்கு 36 அங்குல ஷீட்டுகள் கொண்ட ஆல்பத்துக்கு நூற்றைம்பது படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வீட்டாருடையது. இரு சம்பந்திகளின் பட்டியலும் ஒத்துவருவதற்குள் மாதங்கள் கழிந்து, தாமதத்தின் பழி மட்டும் நிலையத்தின் மேல் விழுவதும் உண்டு. அச்சில் நிறம் சற்று அடங்கித் தெரிவதும் குறையன்று; திரை தானே ஒளிர்வது, தாள் தன்மேல் விழும் ஒளியை மட்டுமே திருப்பித் தருவது.

படங்களின் உரிமை யாருக்கு என்பதில் பலரும் நினைப்பதற்கு மாறாகச் சட்டம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர், திரைப்பதிவுக்கும் அவ்வாறே. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்திலும் இந்நெறியே இருந்தது. பிரிட்டன் 1988இல் இயற்றிய சட்டத்தில் எடுத்தவரையே உரிமையாளராக்கிவிட்டு, குடும்பத் தேவைக்காக எடுப்பித்த படம் பொதுவில் வெளியாகாமல் தடுக்கும் உரிமையை மட்டும் எடுப்பித்தவருக்கு விட்டுவைத்தது. வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து எழுதிய ஒப்பந்தப் படிவத்தில் உரிமை நிலையத்துக்கே என்ற வரி இருந்து, வீட்டார் படிக்காமல் கையொப்பமிட்டால், சட்டம் குறிப்பிடும் மாறான ஒப்பந்தம் அதுவே ஆகிவிடும். ஆதலின் நிலையம் தன் விளம்பரத்துக்குப் படங்களை வெளியிடலாமா, மூலக் கோப்புகளை எத்தனை மாதம் காத்து வைக்கும் என்பவை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். எடுப்பித்தவர் என்று சட்டம் கருதுவது பெரும்பாலும் முன்பணம் கொடுத்துப் பேசி முடித்த பெண்ணின் தந்தையை. படத்தில் இருக்கும் மணமக்களை அன்று. வெளியீட்டுக்கு இசைவு தரும் இடத்தில் அவ்விருவரின் பெயரையும் கையொப்பத்தையும் சேர்த்துக்கொள்வது அதனால் தேவையாகிறது.