வீடு யாருக்குச் சொந்தம்? ஹார்விபட்டி சொல்லும் பாடம்

வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. வேலை போனால் வீடும் போச்சு. போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. "மூணு தலைமுறையா இருந்த வீடு நம்ம வீடு இல்லையா?" என்று கேட்டுக் கலங்கிய பெரியவர்கள் எத்தனை பேர்!

இந்தக் கேள்வியை நினைக்கும்போது தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் கதை நம் கண்முன் வருகிறது. மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை அடுத்து இருக்கும் அந்த ஊரின் பெயர் ஹார்விபட்டி. பட்டி நம்முடைய சொல். ஹார்வி வெள்ளைக்காரத் துரையின் பெயர்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1885இல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு நூற்பாலை ஓட்டினார்கள். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில், அடுத்து மதுரையில் மதுரா மில் என்று தொழில் வளர்ந்தது. வயல்காட்டு வேலையை விட்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஆலைக்கு வந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிப் பால்மரக் காட்டுக்கு வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

துரைமார் தர்மவான்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தம் செய்துதான் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். கேட்காமல் எதுவும் வரவில்லை.

மதுரைத் தொழிலாளருக்காக மில் நிர்வாகம் பிற்பாடு உருவாக்கிய குடியிருப்புதான் ஹார்விபட்டி. தொழிலாளி நிலையாக இருந்தால்தானே சங்கு ஊதும்போது ஆள் வரும்? பெரட்டுக்கு ஆள் தவறாமல் வரவேண்டும் என்றுதானே நம் தோட்டத்திலும் லயம் கட்டினார்கள்! கணக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹார்விபட்டியில் மாதத் தவணை கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி வைத்தார்கள். லயத்தில் நாம் ஆயுள் முழுக்க உழைத்தாலும் சாவி நிர்வாகத்தின் கையில்தான்.

சாவி முதலாளியிடமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சிகாகோ அருகே ரயில்பெட்டி செய்த புல்மன் கம்பெனி தொழிலாளருக்கென அழகான நகரமே கட்டியது. வியாபாரம் படுத்ததும் கூலியைக் குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் அங்கே மூண்ட வேலைநிறுத்தம் நாட்டையே உலுக்கியது. 1898இல் நீதிமன்றம், வீடுகளைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

1974இல் மதுரா மில் வேறு கம்பெனிகளோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஹார்விபட்டியோ பேரூராட்சியாக வளர்ந்து, 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கம்பெனியின் பெயர் மாறிப்போனாலும் ஊர் நிலைத்தது.

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழிலாளர் வீட்டுக்கு என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்லதுதான். ஆனால் வீட்டை நமக்குச் சொந்தமாக்கித் தரும் சட்டம் அல்ல அது. ஆகவே சொந்த வீட்டுக்கு நாம்தான் முனைய வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில் துன் சம்பந்தன் என்ன செய்தார்? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளியின் சிறு பணத்தைச் சேர்த்தே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். சிறுதுளி பெருவெள்ளம் என்பது அங்கே கண்கூடாயிற்று.

தோழர்களே! ஓய்வு பெறும் வயது வந்தபிறகு வீட்டை நினைத்தால் நேரம் கடந்துவிடும். ஊழியர் சேமநிதியில் வீடு வாங்கப் பணம் எடுக்க வழி உண்டு. எவ்வளவு எடுக்கலாம் என்று இன்றே விசாரியுங்கள். நிர்வாகம் வீடு தருவதாக வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள்.

லயத்தில் பிறந்தோம் என்பதில் நமக்கு வெட்கமில்லை. நம் பிள்ளைகளின் வீட்டுச் சாவி நம் பிள்ளைகளிடமே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.